இடக்கை

விலை இறங்கியதன் காரணம்
இரண்டே எழுத்தில் இருந்தது.
நான் வாசிக்கவில்லை.

குவாங்சோவிலிருந்து நாற்பத்தொரு நாள்.
சுங்கத்தில் பெட்டியைக் கீறிய பெண்
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
நீங்கள் இடக்கையா என்றாள், சிங்களத்தில்.
ஓம் என்றேன், வெட்கத்தில்.

திருப்பி அனுப்பும் கூலி
கிட்டாரின் விலையைவிடக் கூட.
அம்ப்ளிஃபயருக்கு வைத்த காசைத்
தீர்வை தின்றுவிட்டது.
வெள்ளவத்தை அறையில்
அலுமாரிக் கதவோடு அதன் வயிற்றை அழுத்தினால்
பலகை கொஞ்சம் முனகும்.
அளுத்கம ரயில் போகையில் அதுவுமில்லை.

புறக்கோட்டையில் பகல் முழுக்கத்
துணி வெட்டுகிற வலக்கை
இரவில் கம்பிகளில் தடுமாறுகிறது,
வேலைக்குப் புதிதாய் வந்த பொடியன் மாதிரி.
இத்தனை காலம்
துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு
சும்மா நின்ற இடக்கை
அடிக்கிறது பார் அடி!

நேற்று முதற்கம்பி அறுந்தது.
புதியதைப் பம்பலப்பிட்டியில்
நடந்துபோய் வாங்கினேன்.