கரையில் ஒரு நாள்

கப்பல் எட்டு மணிக்கு.
படகில் ஏற்றிக் கரைசேர்க்க இன்னொரு முக்கால் மணி.
நாலரைக்கு எல்லாரும் துறைக்குத் திரும்பியாக வேண்டும்.

மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதுகிறேன்:
ஒன்பது, கோட்டை.
பீரங்கிகளை இன்றைக்கே போய் எண்ணிவிட்டு வந்தேன்.
போன தடவை என் கணக்கில் ஒன்று குறைந்தது;
கண்ணாடிக்காரர் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.
பத்து, குன்று. படமெடுக்க ஐந்து நிமிஷம்,
தொப்பி பறந்தால் பத்து.
அப்புறம் மணல், மணல், மணல்.
ஆர்டெல்லா கடையில் மீன் வறுவல்.
கப்பல்காரர்களுக்கு இரட்டை விலை,
அழைத்து வருகிற எனக்கு ஒரு தட்டு சும்மா.

மேட்டுத் தெரு வழியாகப் போனால்
நீலத் தார்ப்பாய்க் கூரைகள் தெரியும்.
கேட்டால் புயலைச் சொல்வேன்.
கேட்காவிட்டால் வலப்பக்கம் கடல் என்பேன்.

இரவெல்லாம் இசில்மா மெத்தை உறை தைத்தாள்.
கெல்வான் வண்டியின் பின்பெஞ்சுகளை
இரண்டு முறை துடைத்தான்.

விடிந்தபோது பெக்வே வளைகுடாவில்
முந்தாநாள் வரை இல்லாத ஒரு வெள்ளை மலை.
அதன் அடியில்
ஆளுயரத்துக்கு ஏறி இறங்குகிற அலை.
முதல் படகை இறக்கினார்கள்.
மறுபடி தூக்கினார்கள்.
ஒன்பதாயிற்று. பத்தாயிற்று.
பெயர்ப்பலகை பிடித்துப் பதினான்கு வண்டிக்காரர்கள்.
மூன்று முறை ஊதிவிட்டு
மலை திரும்பிக்கொண்டது.

கண்ணுக்கு எட்டியது கரைக்கு எட்டவில்லை.
ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான்,
எங்கள் எல்லாருக்கும் சேர்த்து.

'பெட்ரோல் போட்டாச்சு அத்தை,
சாவியைக் கொடு' என்றான் கெல்வான்.

பத்தொன்பது வருஷமாக
என் வண்டியின் பின்னால் நான் உட்கார்ந்ததில்லை.
ஓட்டுகிறவளுக்கு
வருவது மட்டும்தான் தெரியும், பள்ளம், ஆடு, எதிர்வண்டி.
பெஞ்சிலிருந்து பார்த்தால்
கடந்ததெல்லாம் மெதுவாகச் சின்னதாகிறது:
சீமைப்பலா மரம், மஞ்சள் பள்ளிக்கூடம்,
கையசைத்தவர் யாரென்று
கையசைத்த பிறகு தெரிகிறது.
தார்ப்பாய்களை எண்ணினேன்.
பதினொன்று.
யாரும் கேட்கவில்லை.

நாற்பது மீன் கழுவி வைத்திருந்தாள் ஆர்டெல்லா.
பின்பெஞ்சிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்தாள்.
'எந்தக் கப்பல்?' என்றாள்.
'போய்விட்ட கப்பல்.'
'அப்படியானால் இரட்டை விலை.'
கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டாள்.
பிறகு இரண்டு தட்டு வைத்து
எதிரில் உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள்.

நாலரைக்குச் சரியாக
துறையில் என்னை இறக்கிவிட்டான் கெல்வான்.
ரசீதில் அப்படித்தான் எழுதியிருந்தது.
கடல் இப்போது தட்டுபோலக் கிடந்தது.
வீடு அங்கிருந்து நாலு நிமிஷ நடை.