யாரும் அழைக்காத பெயர்

டெல்ஃப்சைல் துறைமுகம்.
காற்று ஜன்னலைப் பிறாண்டும் பிற்பகல்.
மதகை எப்போது திறப்பதெனக் கணக்கிடும்
பதினோராயிரம் வரி சி நிரலை
உலாவிக்குள் குடியேற்றும் வேலை எனக்கு.

பில்ட் ஸ்கிரிப்ட் என்று பேர்;
பார்த்தால் மளிகைச் சீட்டு:
இந்தக் கோப்பை எடு, அதை விடு,
நினைவகம் போதாவிட்டால் கேட்டு வாங்கிக்கொள்,
வட்டு இருப்பதுபோல் பாவனை செய்.

ஏழு முறை சிவப்பு.
எட்டாம் முறை மௌனம்.
இங்கே மௌனம்தான் வெற்றி.

நாற்காலியோடு உருண்டு வந்தான் ஹார்ம்.
"ஒரு எம்பிகூட இல்லையே, பட்டினி போட்டாயா?"
வறுத்த மீன் துண்டுகளைக்
காகிதத்திலிருந்தே தின்றோம்.

பிறகு, சோதனைக்காக,
திரையில் கடலை ஏற்றினேன்.
மூன்று மீட்டர். நாலு. நாலரை.
நீலக் கோடு கரையைத் தாண்டிப் போயிற்று.
மணி அடிக்கவில்லை.

தேடினால்
எச்சரிக்கும் ஃபங்ஷனையே காணோம்.
கம்பைலர் வெட்டி எறிந்திருந்தது.
அதன் நியாயம் அதற்கு:
உள்ளே ஒருவரும் அதை அழைக்கவில்லையே.
அழைக்க வேண்டியவர்கள் வெளியே இருந்தார்கள்,
எம்ஸ் முகத்துவாரத்தில், படகில்,
ஈரக் கையில் கைபேசியோடு.

ஒரு வரி சேர்த்தேன்.
முன்னால் ஓர் அடிக்கோடு, ஒட்டி அதன் பெயர்:
இதை வைத்துக்கொள்.
கோப்பு கொஞ்சம் கனத்தது.
ஹார்ம் முகம் சுளித்தான்.

ஆறு மணிக்கு மறுபடி கடலை ஏற்றினேன்,
ஒலியைக் குறைக்க மறந்து.
அடித்த அடியில்
பக்கத்து அறை கீஸ்கே
காபியைக் கொட்டிவிட்டு
ஜன்னலுக்கு ஓடினாள்,
நிஜக் கடலைப் பார்க்க.

அது எங்கோ தொலைவில்
சேற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.