பச்சை

மஞ்சள், சிவப்பு, வட்டம், சதுரம்
எல்லாம் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள் ஜுனு.
துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்கு
ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம்.

பச்சையில்தான் சிக்கல்.

"பச்சத் தண்ணி குடி" என்றதும்
டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.
"பச்சப் புள்ளடி, மெதுவா" என்று யாரோ சொல்ல
தம்பியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த்
திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள்
தேவனாம்பட்டினம் மணலில் அட்டையை நீட்டினேன்.
"கடல். நீலம்."

கெடிலம் கொண்டுவந்து கொட்டிய சேற்றில்
டீ நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது கடல்.

அட்டையைப் பார்த்தாள்.
அதைப் பார்த்தாள்.
தெருவில் பொறுக்கிய சொல் ஒன்றைச்
சதுரக் குழியில் சதுரக் கட்டைபோல்
கச்சிதமாக இறக்கினாள்:

"பச்சப் பொய், டீச்சர்."