முதல் பாடம்

டன்லப் ஸ்டாப்புக்குப் பின்னால்
ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருக்கிறது
ஞாயிறுதோறும் நான் தமிழ் சொல்லித்தரும் அறை.
தலைக்கு ஐம்பது ரூபாய். இல்லையென்றால் இல்லை.
எழுத்து கிடையாது, வேற்றுமை உருபு கிடையாது,
பேச்சு மட்டும்.
அதிலும் உபயோகமில்லாத பேச்சு.

உபயோகமானதெல்லாம் வரும்போதே
அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது:
எவ்வளவு, எப்போ, சம்பளம், நாளைக்கு,
சார் அடிக்காதீங்க.

முதல் வாரம் ஜித்தன் முர்மு ஒரு புகார் வைத்தார்.
சென்னைக்கு வந்த மூன்றாம் நாள்
சூப்பர்வைசர் கேட்டாராம், "சாப்டியா?"
இல்லை என்று தலையாட்டிவிட்டு
மூன்று மணிவரை காத்திருந்திருக்கிறார்.
சாப்பாடு வரவில்லை.
"பொய் ஆளா, டீச்சர்?"

பொய் ஆள் இல்லை என்றேன்.
அது கேள்வியே இல்லை.
உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று
கதவைத் தட்டிப் பார்ப்பது.
'ஆச்சு, நீங்க?' என்று சொல்லிவிட வேண்டும்.
தட்டியவர் போய்விடுவார்.
ஆனால் தட்டினார், இல்லையா.

பலகையில் ஐந்து வாக்கியம் எழுதினேன்.
சாப்டாச்சா.
என்ன வெயிலு.
மழ வர்ற மாதிரி இருக்கு.
லாரி வந்துச்சா.
அப்புறம்?

கடைசி ஒன்றுக்கு அரைமணி நேரம் ஆயிற்று.
பரோட்டா கடையில் வேலை செய்யும்
பத்தொன்பது வயது ரூபாலி விடவில்லை:
எதற்கு அப்புறம்?
எதற்கும் இல்லை, ரூபாலி.
பேச ஒன்றும் மிச்சம் இல்லை,
எழுந்து போகவும் மனசில்லை,
அப்போது சொல்வது.
அவள் நோட்டில் அஸ்ஸாமியில்
நீளமாக என்னவோ எழுதிக்கொண்டாள்.

வீட்டுப்பாடம்:
தெரியாத ஒருவரிடம், எதையும் வாங்காமல்,
வழி கேட்காமல், இரண்டு நிமிடம்.

சுதாம் பெஹரா தோற்றுப்போனார்.
ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஆளிடம்
'என்ன வெயிலு' என்றிருக்கிறார்.
இரவு ஒன்பதரை மணி.
அந்த ஆள் சற்று நகர்ந்து உட்கார்ந்தாராம்.
எல்லோரும் சிரித்தோம், சுதாம் கடைசியாக.

ரூபாலி குடத்தோடு போய் நின்று
'லாரி வந்துச்சா' என்றாள்.
கொரட்டூரில் ஒரு தெருவே திறந்துகொண்டது:
வந்துச்சு, பாதிதான் ஊத்துனான்,
மூணாம் வீட்டுக்காரி ரெண்டு டிரம்மு வெச்சா,
உங்க ஊர்லயும் இப்படித்தானா,
அய்ய, கைல என்னா, எண்ணெ தெறிச்சுதா?
முக்கால்வாசி புரியவில்லை என்றாள்.
யாரோ உள்ளே ஓடிப்போய்
களிம்பு எடுத்து வந்தது புரிந்ததாம்.

நான் இதில் கெட்டிக்காரி என்று நினைக்க வேண்டாம்.
எங்கள் பிளாக்கில் லிஃப்ட் கதவு திறந்து
உள்ளே ஆள் இருந்தால் போனை எடுத்துக்கொள்வேன்.
லிஃப்டில் சிக்னல் கிடையாது.
பழைய மெசேஜையே திரும்பப் படிப்பேன்.
எதிர்வீட்டுக்காரர் பெயர்
அவருக்கு ஆம்புலன்ஸ் வந்த அன்று
வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும்.

போன ஞாயிறு
ஜித்தன் எனக்கு முன்பே வந்திருந்தார்.
பையை வைப்பதற்குள்
"சாப்டாச்சா, டீச்சர்?"
உச்சரிப்பு அத்தனை சுத்தம்,
அம்பத்தூரில் பிறந்தவர் மாதிரி.
எனக்கு என்ன ஆயிற்றோ,
"இல்ல" என்றேன்.
முந்தின ராத்திரியிலிருந்தே இல்லை.
காரணம் இங்கே வேண்டாம்.

பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"பாடத்துல 'இல்ல' இல்லியே, டீச்சர்."

கீழே பட்டறைக்கு விடுமுறை.
மின்விசிறி மட்டும் ஒரு இறக்கையால் எதையோ உரசியது.
ஐந்து வாக்கியத்தையும் அவர் வரிசையாகப் புரட்டுவது
உதட்டில் தெரிந்தது.
வெளியே சித்திரை வெயில்,
எஸ்டேட் தகரக் கூரைகளுக்கு மேல்
ஒரு பொட்டு மேகம் இல்லை.

"மழ வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

நானும் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன்.
"ஆமா" என்றேன்,
"வந்தாலும் வரும்."