ஏழாம் வரிசை

நாற்பது நாள் தண்ணீர் காட்டக் கூடாது என்றார்
மாதுளங்கன்று கொடுத்த கம்பெனிக்காரர் குணாளன்.
மாசி முதல் தேதி வால்வை அடைத்தேன்.
பள்ளத்தூரிலிருந்து கொத்தமங்கலம் போகிற வழியில்
மூன்று ஏக்கர், செம்புறாங்கல் தரை.
கருவையை வேரோடு பிடுங்க
ஜேசிபிக்கு மட்டும் எண்பத்தாறாயிரம்.
அறுநூற்று நாற்பது அடியில் தண்ணீர் இருந்தது.
இருந்தும் கொடுக்கக் கூடாது.

புதுவயல் அரிசி ஆலையில்
பதினெட்டு வருஷம் பேரேடு எழுதியவள் நான்.
பற்று தெரியும், வரவு தெரியும்.
பட்டினி போட்டால்தான் பூக்கும் என்பதை
எந்தப் பக்கம் எழுதுவது?

பத்தாம் நாள் இலை சுருண்டது.
இருபதாம் நாள் பழுப்பு.
முப்பதாம் நாள் மருந்தடித்தோம், மிச்சமும் உதிர.
எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு மரமும்
முள்ளும் குச்சியுமாய் நின்றன.
பால்காரர் வண்டியை நிறுத்தி
"இதுக்குக் கருவையே இருந்திருக்கலாமே" என்று
சொல்லிவிட்டுப் போனார்.

காவலுக்கு வெள்ளைக்கண்ணு.
வேலி, மயில், மோட்டார் மூன்றுக்கும் அவர்தான்.
அந்த நாற்பது நாளும்
என் முகம் பார்த்துப் பேசவில்லை.

சித்திரையில் தோட்டம் சிவந்தது.
குங்குமச் சிவப்பில்லை, செங்கல் சிவப்பும் இல்லை.
மெழுகில் வார்த்த மாதிரி ஒரு கெட்டிச் சிவப்பு,
காம்பில் நின்றபடி வாய் திறக்கிற சிவப்பு.
இருபத்தோரு வரிசை அப்படி.
ஏழாம் வரிசை மட்டும் பச்சை.
இலை, இலை, இலை.
பெயருக்கு ஒரு மொட்டுக்கூட இல்லை.
குணாளன் வந்தார், மண்ணைக் கிள்ளி முகர்ந்தார்.
"இங்க தண்ணி பாஞ்சிருக்கு."

வெள்ளைக்கண்ணு மறைக்கவில்லை.
"கட்டிலுக்கு நேரா நிக்கிற மரம்மா.
ராத்திரிக் காத்துல
குச்சியும் குச்சியும் ஒரசும், கேட்டிருக்கீங்களா?
எல்லாத்துக்கும் ஊத்த முடியுமா,
ஒரு வரிசைக்குத்தான் கை எட்டுச்சு.
ஒண்ணு விட்டு ஒரு நா.
மரத்துக்கு ரெண்டு குடம்."
முப்பத்தாறு மரம். இருபது ராத்திரி.
ஆயிரத்து நானூற்று நாற்பது குடம்,
தொட்டிக்கும் மரத்துக்கும் நடந்தது தனி.
கோபம் வரவேண்டிய இடத்தில்
தொகை வந்து நின்றது.
சம்பளத்தில் பிடிக்கவில்லை.

ஆவணிக் கடைசி.
பழத்துக்குப் பழம் காகித உறை மாட்டி முடித்த மறுநாள்
கேட்காத மழை. ஒரே ராத்திரி.
வெயிலில் இறுகின தோல்,
உள்ளே முத்து பருக்கப் பருக்க
உறைக்குள்ளேயே வெடித்திருக்கிறது.
விடிந்தபோது
ஒவ்வொரு உறையின் அடியிலும் சிவப்பு ஊறியிருந்தது.
காந்தி மார்க்கெட் சிக்கந்தர் திருச்சியிலிருந்து வந்தார்.
முழுப்பழம் கிலோ நூற்றிப்பத்து.
வெடித்தது பன்னிரண்டு, ஜூஸுக்கு.
ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு
"ருசிக்குக் கொறையில்ல" என்றார்.
விலையை ஏற்றவில்லை.
முழுசு ஒன்றே கால் டன். வெடித்தது மூன்று.
வட்டி கட்டினேன்.
அசல் இருந்த இடத்தில் இருக்கிறது.
நோட்டில் ஏழாம் வரிசைக்கு நேரே
வரவு இல்லை என்று எழுதினேன்.
பக்கத்தில், மழையால் நட்டம்: இல்லை.
வெடிக்க அங்கே என்ன இருந்தது.

மறுபடியும் மாசி.
வால்வை அடைத்த அன்றைக்கு
வெள்ளைக்கண்ணு பையோடு வந்து நின்றார்.
"நாப்பது நா லீவு வேணும்.
கீழாநிலைக்கோட்டையில தங்கச்சி வீடு.
துளிர் விட்டதும் ஒரு போன் போடுங்க, வந்துர்றேன்."

அவர் கட்டிலில் இப்போது நான்.
பதினாறாம் ராத்திரி.
காற்று அடிக்கிறது.
பெரிய சத்தம் ஒன்றுமில்லை,
பாயில் ஒருவர் புரண்டு படுக்கிற அளவுதான்.
ஆனால் நிற்கவில்லை.
இன்னும் இருபத்து நாலு நாள் என்று
சொல்லிக்கொண்டேன், சத்தமாகவே.

ஏழாம் வரிசைப் பக்கம் சும்மா
நடந்துவிட்டு வரலாம் என்றுதான் எழுந்தேன்.
குடத்தை எதற்கு எடுத்தேன் என்று தெரியவில்லை.