பழவந்தாங்கல் வரை

வலி மாத்திரை போதும், கிட்னி தாங்காது என்று
சீட்டில் குறுக்கே கோடு கிழித்தார் டாக்டர்.
இடுப்பில் ஏறிக் கெண்டைக்காலில் இறங்கும் இதற்கு
இனி நான்தான் பொறுப்பு.

ஸ்டான்லியில் பிசியோ ஃபிலோமினா
மூச்சை எண்ணச் சொன்னாள்.
நட்டும் போல்ட்டும் எண்ணியே
கடையில் பொழுது போகிறது,
ராத்திரியும் எண்களா?

தரையில் படுத்து
கால்களை நாற்காலி மேல் போட்டு
ஸ்டேஷன் சொல்கிறேன்.
இழுத்தால் கடற்கரை. விட்டால் கோட்டை.
பூங்கா. எழும்பூர்.
சேத்துப்பட்டில் தொடை சுண்டி இழுக்கும்,
வெந்நீர்ப் பையை நகர்த்திக்கொள்கிறேன்.
நுங்கம்பாக்கம் தாண்டி
சிக்னல் கிடைக்காமல் நிற்கிறோம்
நானும் அதுவும்,
கீழ்வீட்டில் யாரோ அணைக்க மறந்த
மோட்டார் சத்தத்தைக் கேட்டபடி.

போ என்றால் போகாது.
கொஞ்சம் தள்ளி உட்கார் என்றால்
சில நாள் உட்காரும்.

மாம்பலத்தில் கூட்டத்தோடு இறங்கிப் போனதும் உண்டு.
நேற்று பழவந்தாங்கல் வரை வந்தது,
அப்புறம் ஞாபகமில்லை.
விடிந்தபோது பை ஆறிக் கிடந்தது.

தாம்பரம் வரை ஒருநாளும் போனதில்லை என்று
ஃபிலோமினாவிடம் பெருமையாகச் சொன்னேன்.
பொய்.
போன மாசம் இரண்டு தடவை
தாம்பரம் போய்
அதே வண்டியில் திரும்பி வந்தேன்.