அகல வட்டம்

உடும்புக்கு எண் பதினேழு.
செம்பனை ஆலைக்குப் பின்னால்
லோங்காங் திரும்பும் மூலையில்
பொறி விழுந்த சத்தம்
ரொஸ்லானுக்குத்தான் முதலில் கேட்டது.

வாலை அவன் அமுக்கிக்கொண்டான்.
வாயைத் துணியால் கட்டி
பஞ்சுக் குச்சியை வாலடியில் செலுத்தி
ஒரு சுற்று சுற்றி எடுத்தேன்.
அது என்னைப் பார்க்கவில்லை.
வயிறு மட்டும் என் முழங்கையில்
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கிய படிவம்.
கடைசியாக எப்போது மாத்திரை சாப்பிட்டீர்கள்?
எத்தனை நாள்?
குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

இரண்டு நாள் கழித்துத் தட்டைத் திறந்தேன்.
மருந்து ஊறிய ஆறு காகித வில்லைகள்,
சட்டைப் பொத்தானைவிடச் சின்னவை.
மருந்து கேட்டால் கிருமி விலகி நிற்கும்,
நிலா கோட்டை கட்டியதுபோல்
வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம்.
வானத்தில் அகல வட்டம் என்றால் பகல் மழை.
இங்கே அகல வட்டம் என்றால்
ஆள் பிழைக்கும்.

பதினேழின் தட்டில்
ஐந்து நிலாவுக்கு வட்டமே இல்லை.
விளிம்புவரை வந்து சாய்ந்து நின்றன கிருமிகள்,
கடை மூடிய பிறகும்
அஞ்சடியை விட்டுப் போகாதவர்கள்போல.

இது எந்த டாக்டரையும் பார்த்ததில்லை.
கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்ததில்லை.
நத்தை, எலி,
பண்ணை வேலிக்கு வெளியே எறிந்த கோழிக்குடல்,
லோங்காங் தண்ணீர்.
யாருடைய மருந்துச் சீட்டு இது?

பண்ணைக்கார ஆ செங் தீவனச் சாக்கைக் காட்டினார்.
எழுத்து மழையில் போயிருந்தது.
"எங்க தண்ணி தொட்டிக்குத்தான் போகுது"
என்றாள் கிளினிக் மிஸ்ஸி.
தொட்டி எங்கே போகிறதென்று
அவளுக்கும் தெரியாது.

நான் பேசவில்லை.
போன தீபாவளிக்கு முன் எனக்குத் தொண்டை வலி.
ஏழு நாள் மாத்திரை,
மூன்றாம் நாளே முறுக்கு கடிக்க முடிந்தது.
மிச்சத்தை ஒவ்வொன்றாய்ப் பிதுக்கிக்
குசினித் தொட்டியில் போட்டுத் தண்ணீர் திறந்தேன்.
சிவப்பும் கறுப்புமாய்க் குண்டுமணிபோல்
கொஞ்ச நேரம் சுழன்றன.
எங்கள் வரிசைவீட்டுத் தண்ணீர்
ஆலைக்குப் பின்னால்தான் திரும்புகிறது.

குலை வெட்டும் கோவர்த்தனனுக்குக்
காலில் செம்பனை முள் குத்திப்
பதினெட்டு நாள், மூன்றாம் வார்டு.
அவர் தட்டும் என் மேசைக்கு வந்தது.
உடும்பின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பிறகு கொஞ்சம் தள்ளி வைத்தேன்.
இரண்டும் ஒரே மாதிரி இருப்பது
எதையும் நிரூபிக்காது என்று
அறிக்கையில் எழுத வேண்டும்.
எழுதினேன்.

உடும்பை அன்றைக்கே விட்டுவிட்டோம்.
கட்டவிழ்த்ததும் ஓடும் என்று நினைத்தேன்.
நின்றது.
பிளந்த நாக்கை நீட்டி
எங்கள் இருவருக்கும் நடுவே
காற்றில் ஒரு சுற்று சுற்றி எடுத்துக்கொண்டு
தண்ணீரில் இறங்கியது.

இன்றைக்கு மறுபடியும் பொறி வைக்க வேண்டும்.
இரைக்குக் கோழிக்கழுத்து,
பாசாரில் அதே கடை.
வீட்டுக்கும் அரைக்கிலோ
வெட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.